ஆட்டுக்கால் சூப் குடித்தால் முறிந்த எலும்பு சீக்கிரம் கூடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, நேற்று மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் சீக்கிரம் கூடுமா?

சூப் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அதையே நம்பி இருந்துவிடாதீர்கள். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் எலும்பிலுள்ள கால்சியம் தண்ணீரில் அதிகம் இறங்காது. ஒரு டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் வரை கிடைக்கும். சூப்பில் அதில் சிறு பங்குகூடத் தேறாது.

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கசிந்து உறையும். அதற்குள் புது ரத்தக்குழாய்கள் புகுந்து, இரண்டு மூன்று வாரத்தில் நாரும் குருத்தெலும்புமாக ஒரு மெத்தென்ற பாலம் உருவாகும். கால்சியம் அதில் படிந்து இறுகுவது அதன் பிறகுதான். மணிக்கட்டுக்குச் சுமார் 6 வாரம் ஆகும். அதை நான்காகக் குறைக்கும் உணவு எதுவும் கிடையாது. அந்தப் பாலத்தின் அடிப்படைக் கட்டுமானமே புரதம் என்பதால் முட்டை, மீன், பருப்பு தினமும் வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 இருக்கிறது. கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

இப்போது சாப்பாட்டைவிட முக்கியம் கட்டுக்குள் ரத்தம் ஓடுவது. முதல் மூன்று நாள் கையைத் தலையணைமேல், நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள்: வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, விரலை லேசாக நீட்டிவிட்டாலே உயிர்போகும் வலி வந்தாலோ, நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் தசை செத்துவிடும். அரிக்கிறது என்று உள்ளே ஸ்கேலை விட்டுச் சொறிய வேண்டாம், புண்ணாகும். விரல்களையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தோள் இறுகிப்போகும்.

இன்னொன்றையும் தள்ளிப்போடாதீர்கள். நின்ற இடத்தில் விழுந்ததற்கே இந்த வயதில் மணிக்கட்டு முறிந்தால், எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே) எடுக்கக் கேளுங்கள். அதில் வரும் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் கால்சியம் மட்டும் போதாது, எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்தும் தேவைப்படும். கட்டு பிரிக்கும்வரை காத்திருக்காமல், அடுத்த முறை காட்டப் போகும்போதே மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.