சேகரத்து ஐயரிடம் கேள்விகள்: சாம்பல் புதன் முதல் அசனம் வரை

நான் ஒரு சேகரத்தின் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஐயர், அதாவது குருவானவர். தென்மாவட்ட சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் நடைமுறையை வைத்துப் பதில் சொல்கிறேன். லுத்தரன் சபையிலும் கத்தோலிக்கத் திருச்சபையிலும் சில ஒழுங்குகள் மாறும். அங்கே உள்ளவர்கள் தங்கள் குருவானவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (சபை ஊழியர்): ஐயா, சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணினால் 46 நாள் வருகிறது. லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) 40 நாள் என்கிறோமே? சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலை நாங்களே தயாரிக்கலாமா?

இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிடுங்கள், கணக்கு சரியாக வரும். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அதில் உபவாசம் இல்லை. 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பதால், தேதி மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும்.

சாம்பலைத் தாராளமாக நீங்களே செய்யலாம். போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று கொடுத்த ஓலையை வீடுகளிலிருந்து வாங்கி, கட்டிய நூலையும் பிளாஸ்டிக் பூவையும் எடுத்துவிட்டு, இரும்புச் சட்டியில் வைத்து வெளியில் எரியுங்கள். கருகிக் கறுப்பானதும் மூடிவிட வேண்டும். வெளுக்கும்வரை விட்டால் நெற்றியில் தெரியாது, காரமும் ஏறும். ஆறியபின் இடித்து, மெல்லிய துணியில் சலியுங்கள். 200 பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும்.

ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: தண்ணீர் ஊற்றிக் குழைக்கக் கூடாது. சாம்பலில் இருக்கும் காரம் தண்ணீரில் இறங்கித் தோலை அரித்துவிடும், சிறுபிள்ளைகளுக்கு நெற்றியே புண்ணாகும். சில சொட்டு ஒலிவ எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டால் போதும்.

கேள்வி (வாலிபர் சங்கச் செயலாளர்): பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் (பகல் 12 முதல் 3 வரை), இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தைக்கே அரைமணி நேரம் போய்விடுகிறது. ஏழாவது வார்த்தை பேசுகிறவருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

தம்பி, இது எல்லா ஊரிலும் இருக்கிற வியாதி. மொத்தம் 180 நிமிடம். ஆரம்ப ஜெபத்துக்கு 10. ஒவ்வொரு வார்த்தைக்கும் செய்தி 15, பாட்டு 5, ஜெபம் 3, ஆக 23. ஏழுக்கு 161. மிச்சம் 9 நிமிடத்தை மூன்று மணிக்கு முன்பு மௌனத்துக்கு வையுங்கள். யாரும் தொடாமல் காக்க வேண்டியது அந்த ஒன்பதைத்தான்.

பேசுகிறவர்களிடம் “சுருக்கமாகப் பேசுங்கள்” என்று சொல்லிப் பிரயோசனமில்லை. “உங்கள் வார்த்தை 12.33க்குத் தொடங்கி 12.48க்கு முடியும்” என்று கடிகார நேரத்தைச் சீட்டில் எழுதி முந்தின வாரமே கொடுத்துவிடுங்கள். இன்னொரு கோளாறு, முதல் வார்த்தைக்காரர் கெத்செமனேயிலிருந்து கல்லறை வரை முழுக்கதையையும் சொல்லி முடித்துவிடுவது. அவரவர் வார்த்தை எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறதோ அதற்குள்ளேயே நிற்கச் சொல்லுங்கள். மூன்று லூக்காவில், மூன்று யோவானில், “ஏலி, ஏலி” (என் தேவனே, என் தேவனே) மட்டும் மத்தேயுவிலும் மாற்குவிலும். அந்த நாலாம் வார்த்தையை, அடித்துப் பேசத் தெரிந்தவருக்குக் கொடுக்காதீர்கள். நிறுத்தி நிறுத்திப் பேசத் தெரிந்தவருக்குக் கொடுங்கள்.

கேள்வி (பெண்கள் ஐக்கிய சங்கம்): திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் பெறும் ஆராதனை) திராட்சை ரசம் வீட்டில் செய்கிறோம். சில தடவை புளித்துவிடுகிறது. அளவு சொல்லுங்கள் ஐயா.

பன்னீர் திராட்சை 1 கிலோ. காம்பு ஆய்ந்து, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, கால் லிட்டர் தண்ணீர் சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் மிதமான தீயில் 10 முதல் 15 நிமிடம். அலுமினியமும் பித்தளையும் வேண்டாம், பழத்தின் புளிப்பு அவற்றை அரிக்கும். தோல் வெடித்து நிறம் இறங்கியதும் மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை அரைபட்டுத் துவர்க்கும். துணியில் வடிகட்டி, 100 கிராம் சர்க்கரை சேர்த்து ஒரு கொதி விட்டு, கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய வரும்.

புளிப்பதற்குக் காரணம் ஈர பாட்டிலும் வெளியில் வைப்பதும்தான். வெள்ளிக்கிழமை செய்து குளிர்பெட்டியில் வைத்தால் ஞாயிறுக்கு நன்றாக இருக்கும். நுரையோ குமிழியோ தெரிந்தால் நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், திருவிருந்துக்குப் புளிக்காத ரசம் வேண்டுமென்று, பாட்டிலில் அடைத்த சாற்றைச் சூடுபடுத்தி, நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டைக் கொன்றார். நீங்கள் அடுப்பில் செய்வதும் அதேதான்.

சின்னக் குவளை ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லி. 150 பேருக்கு ஒன்றரை லிட்டர், அதாவது 2 கிலோ பழம். முழுவதையும் மேசையில் வைக்காதீர்கள். ஆசீர்வதித்ததில் மிஞ்சினால் ஐயரும் உதவிக்காரர்களும் அருந்தித் தீர்க்க வேண்டும், கை கழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது.

கேள்வி (ஒரு தாய்): மகன் இறந்து ஒரு வருடம் ஆகிறது. கோயிலுக்கு வருகிறேன், ஆனால் பாட வாய் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?

இல்லை அம்மா. போயிருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது. 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எங்கேயாவது துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து ஆலயத்தில் வாசிக்க வைத்திருக்கிறார்களே, அது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

பாட முடியாவிட்டால் பாட வேண்டாம். ஓரமாக, வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், நடுவில் எழுந்துபோனாலும் தப்பில்லை. விசுவாசப் பிரமாணத்தைச் சபை சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். இப்போது உங்களுக்காகவும் சேர்த்து அவர்கள் சொல்கிறார்கள். தூக்கமும் சாப்பாடும் போய், வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது ஜெபத்துக்கு விரோதமில்லை.

அக்கம்பக்கத்துச் சபையாருக்கு ஒரு வார்த்தை. “கர்த்தருக்குப் பிரியமானவன், அதனால் எடுத்துக்கொண்டார்” என்று தாயிடம் சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் வினை. முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். மூன்றாம் மாதம், பையனின் பிறந்தநாள், முதல் கிறிஸ்துமஸ் சாயங்காலம், இந்த நாட்களில்தான் யாரும் வருவதில்லை. நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஓலை வாசிப்பதற்கு (திருமண அறிவிப்பைச் சபையில் வாசிப்பது) என்னென்ன வேண்டும்?

இரண்டு பேருடைய ஞானஸ்நான, திடப்படுத்தல் (சபையின் முழு அங்கத்தினராகச் சேர்க்கும் சடங்கு) சான்றுகள், வயதுச் சான்று. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 முடிந்திருக்க வேண்டும். இரு சபைகளிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை ஏதுமில்லை என்று அந்தச் சபைக் குருவானவர் எழுதித் தர வேண்டும். ஆகவே குறைந்தது ஐந்து வாரத்துக்கு முன் வாருங்கள். லெந்தில் பெரும்பாலான சேகரங்களில் திருமணம் வைப்பதில்லை, அதையும் பார்த்து மண்டபம் பிடியுங்கள்.

அதிகம் பிழையாவது பெயர்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பத்திரிகையில் மூன்றாவது. பதிவேட்டில் எழுதுமுன்பே ஒத்துப்பாருங்கள், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டிவரும். தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமும் 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிவாக வேண்டும், கோயில் சான்று இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

20 நிமிடம். ஒரு வேதபகுதி, ஒரு கருத்து. அதற்கு மேல் போனால் சபையார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அவர்கள் பேரில் குற்றமில்லை.

கேள்வி (சேகரக் கமிட்டி உறுப்பினர்): காணிக்கைக் கணக்கில் அடிக்கடி பேச்சு வருகிறது. யாரையும் சந்தேகப்படாமல் எப்படி ஒழுங்கு செய்வது?

ஒழுங்கு செய்தாலே சந்தேகம் போய்விடும். உறவினர் அல்லாத இரண்டு பேர், ஆராதனை முடிந்த கையோடு, கோயிலுக்குள்ளேயே எண்ண வேண்டும். பொருளாளர் வீட்டில் எண்ணக் கூடாது. கவர் காணிக்கையில் மேலே எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். நோட்டு வாரியாக மையால் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டபிறகே பை வெளியே போகலாம்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் திருட்டினால் இல்லை. பூக்காரருக்கு 300, ஆட்டோவுக்கு 150 என்று தட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வரவாக எழுதுவதால்தான். வந்தது முழுவதும் வங்கிக்குப் போகட்டும், செலவு தனியே ரசீதுடன் வரட்டும். கியூஆர் அட்டையும் சேகரக் கணக்கின் பெயரில்தான் இருக்க வேண்டும். பவுல் எருசலேமுக்குத் தர்மப் பணம் சேர்த்தபோது தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார், ஒருவரும் குற்றம் சொல்லாதபடிக்கு என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனுக்கே இரண்டாவது கையெழுத்து தேவைப்பட்டிருக்கிறது.

கேள்வி: அசனப் பண்டிகைக்கு (சபையின் பொதுவிருந்து) 1000 பேர். அரிசி, கறி எவ்வளவு? கடைசிப் பந்திக்கு எலும்பும் குழம்பும்தான் மிஞ்சுகிறது என்று வருத்தம்.

100 பேருக்கு அரிசி 12 முதல் 13 கிலோ, ஆட்டுக்கறி 12 கிலோ. ஆயிரத்துக்கு அதைப் பத்தால் பெருக்கி, பக்கத்து ஊர்க்காரர்களுக்கென்று பத்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பந்தி விஷயம் அளவினால் வருவதில்லை, பரிமாறுகிறவர் கையால் வருவது. தெரிந்த முகத்துக்கு இரண்டு அகப்பை, தெரியாத முகத்துக்குக் குழம்பு. கடைசிப் பந்தியில் உட்காருகிறவர் யாரென்று பாருங்கள், வேலை முடிந்து வருகிற கூலிக்காரர், பாத்திரம் கழுவுகிறவர்கள், பந்தல்காரர். 1 கொரிந்தியர் 11இல் பவுல் கோபப்படுவது இதற்காகத்தான். முந்தி வந்தவன் தின்று தீர்க்கிறான், பிந்தி வந்தவன் பசியோடு இருக்கிறான், இது கர்த்தருடைய பந்தியா என்று கேட்கிறார். திருவிருந்துக்கு முன் நாம் வாசிக்கிற வசனங்கள் அதே அதிகாரத்தில் அடுத்தாற்போல் வருகின்றன.

சமையல் முடிந்ததும், முதல் பந்திக்கு முன்பே, கறியில் ஐந்தில் ஒரு பங்கைத் தனி அண்டாவில் மூடிவையுங்கள். கறி அகப்பையை ஒரே அளவில் வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. கமிட்டிக்காரர்களும் ஐயரும் கடைசிப் பந்தியில் உட்காரட்டும். அப்புறம் அந்த அண்டாவில் கறி குறையாது.