டொமைனை மாற்றியாச்சு, பழைய தளம்தான் வருது: கேள்வி பதில்

வெள்ளவத்தை: அண்ணா, கடையின் இணையத்தளத்தை நேற்று புது சேர்வருக்கு மாற்றினன். எனக்குப் புதுசு தெரியுது, மருதானைக் கிளையில பழசுதான் வருது. எப்ப அங்க போய்ச் சேரும்?

பதில்: தம்பி, அங்கே எதுவும் அனுப்பப்படுவதில்லை. உங்கள் டொமைன், அதாவது தளத்தின் பெயர், எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் நேம்சேர்வரில் மாற்றம் நேற்றே முடிந்துவிட்டது. கிளைக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் ரிசோல்வர் (நேம்சேர்வரிடம் முகவரியைக் கேட்டுச் சொல்லும் சேர்வர்), அதற்கு முன்னரே கேட்டுப் பழைய ஐபி முகவரியை, அதாவது பழைய சேர்வரின் எண் முகவரியைச் சேமித்து வைத்திருக்கிறது. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை அந்தப் பதிவோடு வரும் டிடிஎல் (TTL) என்ற எண் சொல்லும். 86400 என்றிருந்தால் அத்தனை வினாடி, அதாவது ஒரு நாள். அது முடிந்த பிறகுதான் திரும்பக் கேட்கும். ஒவ்வொரு ரிசோல்வரும் ஒவ்வொரு நேரத்தில் கேட்டதால்தான் கொழும்புக்குள்ளேயே இந்த வித்தியாசம்.

கொட்டாஞ்சேனை: அப்ப டிடிஎல்லை இப்பவே 300 ஆக்கினால்?

பதில்: இந்த முறைக்குப் பிந்திவிட்டது. சேமித்த பிரதி பழைய டிடிஎல் கணக்கில்தான் ஓடும். அடுத்த முறை, ஒரு நாள் டிடிஎல் என்றால் ஒரு நாளைக்கு முன்பே குறைத்துவிட்டுப் பிறகு முகவரியை மாற்றுங்கள். தயவுசெய்து பழைய சேர்வரை அன்றைக்கே நிறுத்தாதீர்கள். வாடகை மிச்சம் என்று நிறுத்தினால், பழைய முகவரிக்கு வரும் வாடிக்கையாளருக்குக் கடை பூட்டிக் கிடக்கும். மின்னஞ்சலையும் மாற்றினீர்கள் என்றால் பழைய பெட்டியையும் சில நாள் திறந்து பாருங்கள்.

தெகிவளை: 48 மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுறாங்களே?

பதில்: நேம்சேர்வரையே மாற்றும்போது அது பொருந்தும். டொட் கொம் (.com) பெயர்களுக்குப் பொறுப்பான சேர்வர்கள் உங்கள் நேம்சேர்வர் விபரத்தை 172800 வினாடி டிடிஎல்லோடு கொடுக்கின்றன; அந்த 48 மணித்தியாலத்தை உங்களால் குறைக்க முடியாது. அந்த இரண்டு நாளும் பழைய, புதிய நேம்சேர்வர் இரண்டிலும் ஒரே பதிவுகள் இருக்கட்டும்.

பம்பலப்பிட்டி: டொட் இலங்கை முகவரிக்கும் இதுதானா?

பதில்: ஓம். 2010இல் வந்த அந்த முகவரிகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன. டிடிஎல் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மட்டக்குளி: புதுசா ஒரு சப்டொமைன் (டொமைனுக்கு முன்னால வாற பெயர்) போட்டன், 'இல்லை' என்றே வருது.

பதில்: போடுவதற்கு முன்பே திறந்து பார்த்திருப்பீர்கள். 'இல்லை' என்ற பதிலும் சேமிக்கப்படும். எவ்வளவு நேரம் என்பது உங்கள் டொமைனின் எஸ்ஓஏ (SOA) என்ற பதிவில் இருக்கிறது. முதலில் உங்கள் நேம்சேர்வரிடமே என்எஸ்லுக்அப் (nslookup) என்ற கணினிக் கட்டளை மூலம் நேரே கேளுங்கள். அங்கே சரியென்றால் பொறுத்திருந்தால் போதும். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆகிய பொது ரிசோல்வர் இரண்டிலும் சேமித்ததை அழிக்கச் சொல்ல இணையப் பக்கம் உண்டு.