18 வாட் பேனல் லைட்டுக்கு எந்த 18 வாட் டிரைவரை (வீட்டுக் கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்ன டப்பா) மாட்டினாலும் எரியுமா?

எரியாது. "18 வாட்னா 18 வாட்தான் சார், மாட்டுங்க" என்று உங்களிடமும் கடையில் சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொன்னார்கள். அதை நம்பியதால் அம்மா பதினைந்து நாள் டேபிள் விளக்கை வைத்துக்கொண்டு சமைத்தார்.

எங்கள் சமையலறை சீலிங் பேனல் ஒருநாள் அணைந்துபோனது. டிரைவர் டப்பாவில் கருகல் வாடை. புது 18 வாட் டிரைவர் வாங்கி மாட்டினால் பளிச்சென்று எரியும், அணையும், மறுபடி எரியும், அணையும். கடையில் கேட்டால், "பேனலே போயிடுச்சு, புதுசு வாங்கிக்குங்க."

மனசு கேட்காமல் இரண்டு டிரைவரையும் பக்கத்தில் வைத்து லேபிளைப் படித்தேன். பழையதில் அவுட்புட் 300 மில்லிஆம்ப், 36–68 வோல்ட். புதியதில் 600 மில்லிஆம்ப், 18–36 வோல்ட். 0.3ஐ 60ஆல் பெருக்கினாலும் 18 வாட், 0.6ஐ 30ஆல் பெருக்கினாலும் 18 வாட். எங்கள் பேனல் 60 வோல்ட் பக்கம் கேட்கிறது. 36ஐத் தாண்டாத டிரைவரால் அதை எப்படி எரிக்க முடியும்? 300 மில்லிஆம்ப் டிரைவர் தேடி வாங்கினேன். "போயிடுச்சு" என்ற அதே பேனல் மூன்று வருடமாக எரிகிறது.

ஆகவே உங்கள் பழைய டிரைவரின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மில்லிஆம்ப் அப்படியே இருக்க வேண்டும், வோல்ட் எல்லையும் ஒத்துப்போக வேண்டும். "ஆம்ப் கூடினால் தப்பில்லையே" என்று யாராவது கமென்டில் வருவார்கள். அது 12 வோல்ட் ஸ்ட்ரிப் லைட் அடாப்டருக்கு. அங்கே வோல்ட்தான் மாறக் கூடாது, ஆம்ப் கூட இருக்கலாம். பேனல் டிரைவரோ லேபிளில் உள்ள ஆம்பை அப்படியே எல்இடிக்குள் தள்ளும். அதனால் பேனலுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் எல்இடி சூடேறிச் சீக்கிரம் போய்விடும். நான் எலக்ட்ரிக்கல் படித்தவன் இல்லைதான், ஆனால் லேபிளில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

எதைக் கொண்டுபோனாலும் "புதுசு வாங்குங்க" என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மிக்ஸி ஜாரின் அடியில் கப்ளர் தேய்ந்ததற்கு மிக்ஸியையே மாற்றச் சொன்னார்கள். கப்ளர் என்ன விலை, மிக்ஸி என்ன விலை!

ஒன்று மறந்துவிட்டேன். மெயினை அணைத்துவிட்டு, முதலில் பேனலை டிரைவரோடு இணையுங்கள், அப்புறம் கரண்ட் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் பேனலைச் செருகினால், அதில் தேங்கியிருக்கும் அதிக வோல்ட் ஒரே அடியாக எல்இடியில் பாயும். நல்ல பேனலும் அப்போதே போய்விடலாம்.