ஹாம்பர்க் சுற்றிப் பார்க்க: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பன்னிரண்டு வருடமாக ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கிறேன். ஊர் சுற்றுவது பற்றி எதையும் கேளுங்கள். விசா, வேலை பற்றி மட்டும் வேண்டாம், அது எனக்குத் தெரிந்த விஷயமில்லை.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில். அங்கே 62-ஆம் எண் படகைப் பிடியுங்கள். ஊர் மக்கள் வேலைக்குப் போய்வரும் படகு அது. பஸ், ரயிலுக்கு எடுக்கும் நாள் டிக்கெட்டே போதும். ஃபிங்கன்வெர்டர் வரை அரை மணி நேரம். திரும்பும்போது நொய்மியூலனில் இறங்கினால் மணற்கரை. எதிர்க்கரையில் கப்பல்களில் கண்டெய்னர் ஏற்றி இறக்குவதை உட்கார்ந்து பார்க்கலாம். கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் 217 டன் எடையுள்ள ஒரு பாறை நிற்கும். பனியுகத்தில் பனி சுவீடனிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. 1999-ல் ஆற்றைத் தூர்வாரும்போது கிடைத்தது.

ஒன்றை மறக்காதீர்கள்: கிளம்பும் முன் நீர் ஏறும் நேரத்தைப் பாருங்கள். கடல் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும், எல்பே ஆற்றில் தினமும் இரண்டு முறை நீர் ஏறி வற்றும். ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் மூன்றரை மீட்டருக்கும் மேல் வித்தியாசம்.

குழந்தைகளோடு வருகிறோம்.

மினியாட்டூர் வுண்டர்லாண்ட். 87-ல் ஒரு பங்கு அளவில் மாதிரி ரயில்கள், ஊர்கள், ஒரு விமான நிலையம்கூட உண்டு. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

எல்ப்ஃபில்ஹார்மனியில் கச்சேரி டிக்கெட் கிடைக்கவில்லை.

கச்சேரி டிக்கெட் இல்லாமலே 37 மீட்டர் உயரத்திலுள்ள பிளாசா என்ற பார்வை மாடத்துக்குப் போகலாம். 82 மீட்டர் நீளமுள்ள, வளைந்து ஏறும் எஸ்கலேட்டர் கொண்டுபோய் விடும். கீழே செங்கல்லாகத் தெரிவது கோகோ, தேயிலை, புகையிலை வைத்திருந்த பழைய கிடங்கு.

ஷ்பைஷர்ஸ்டாட் வெறும் பழைய கிடங்குகள்தானே? பத்து நிமிடம் போதாதா?

போதாது. ஹாம்பர்க் 1888-ல் ஜெர்மனியின் சுங்க எல்லைக்குள் வந்தது. சுங்கம் கட்டாமல் சரக்கை வைத்திருக்க வியாபாரிகளுக்கு ஒரு தனி இடம் வேண்டும் என்பதற்காக 1883-லிருந்தே கட்டத் தொடங்கிய இடம் இது. மரத்தூண்களை மண்ணில் இறக்கி, அதன்மேல் செங்கல் அடுக்குகள். ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் கால்வாய். உச்சியில் சுமைதூக்கி இருக்கும், நிமிர்ந்து பாருங்கள். காப்பியும் மசாலாவும் கம்பளமும் அதில் தொங்கித்தான் மேலே போயின. கால்வாய்க்குள் சின்னப் படகில் போவது தனி அனுபவம். நீர் வற்றிய நேரத்தில் படகு உள்ளே வராது; அதனால்தான் நேரம் பார்க்கச் சொல்கிறேன்.

அது போருக்குப் பிறகு கட்டிய நகல். யுனெஸ்கோ பட்டம் எதற்கு?

பாதியளவு குண்டுவீச்சில் அழிந்தது உண்மை. மீதி பழையதுதான். அழிந்ததில் சிலதைப் பழையபடியே எழுப்பினார்கள், சில இடத்தில் புதிதாகவே கட்டினார்கள். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 2015-ல் பட்டம் கிடைத்தபோது பக்கத்திலுள்ள, சிலிஹவுஸ் என்ற அலுவலகக் கட்டடம் இருக்கும் வட்டாரமும் சேர்ந்தது.

சுமார் 20,000 பேரை அப்புறப்படுத்திவிட்டுக் கட்டிய இடத்தைக் கொண்டாடுவது சரியா?

நல்ல கேள்வி. கேர்வீடர், வாண்ட்ராம் என்று இரண்டு குடியிருப்புகள் அங்கே இருந்தன. துறைமுகத் தொழிலாளர்களின் வீடுகளும் இடிபட்டன. அவர்கள் வேலைக்கு வெகுதூரம் நடக்க வேண்டியதாயிற்று. எனக்கு அந்தக் கட்டடங்கள் பிடிக்கும். இதையும் தெரிந்துகொண்டே பார்க்க வேண்டும் என்பேன். "அது வளர்ச்சிதானே" என்று இங்கே எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. வளர்ச்சிக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

துறைமுகம் பார்க்க எந்தப் படகு நல்லது?

62. முதல் பதிலைப் படியுங்கள்.

ஹாம் காமாட்சி அம்மன் கோயில் அங்கிருந்து பக்கமா?

இல்லை. ஹாம் வேறு ஊர், ஹாம்பர்க் வேறு ஊர். கோயிலுக்கு ரயிலில் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பல் அங்கே இருக்கிறதா?

இல்லை. 1914 நவம்பரில் கோகோஸ் தீவுகளில் அதன் கதை முடிந்துவிட்டது. எம்டன் என்ற ஊரும் வேறு துறைமுகம்.

ஞாயிறன்று என்ன செய்யலாம்?

கடைகள் மூடியிருக்கும். மீன் சந்தை உண்டு, 1703-லிருந்து நடக்கிறது. கோடையில் காலை 5 மணிக்கே தொடங்கி 9.30-க்கு முடிந்துவிடும். புயல் எச்சரிக்கை இருந்தால் போகாதீர்கள், அந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிடும்.

துறைமுகப் படகுப் பயணம் எங்கே பதிவு செய்வது?

பதிவே வேண்டாம். 62. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

நீர் ஏறும் நேரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

1962 பிப்ரவரி 16 இரவு வெள்ளம் புகுந்து இந்த ஊரில் 315 பேர் இறந்தார்கள். ஆற்றங்கரையில் நீங்கள் நடக்கும் உயரமான நடைபாதை பல இடங்களில் வெள்ளத் தடுப்புச் சுவர்தான்.

சரி, நேரம் எங்கே பார்ப்பது?

லாண்டுங்ஸ்ப்ரூக்கனின் கிழக்குக் கோடியில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. கடிகாரத்தோடு நீர்மட்டமும் காட்டும். படகு ஏறும் முன் ஒரு தடவை பாருங்கள், திரும்பி வந்ததும் இன்னொரு தடவை பாருங்கள்.