இரண்டு மாறிகளைப் பெருக்கினால் சிபி-சாட் ஏன் எரர் தருகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: “விலை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை, 50 காசு 50 காசாக ஏறலாம். விற்கும் எண்ணிக்கை 400 வரை போகலாம். இரண்டுமே மாறிகள். கூகுளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில் உள்ள சிபி-சாட்டில் (கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட விடையைத் தேடித்தரும் சால்வர்) இரண்டையும் பெருக்கி வருமானம் என்று எழுதினால் பைத்தான் எரர் தருகிறது. மாறிகளைப் பெருக்குவது போன்ற, லீனியர் அல்லாத கட்டுப்பாடே இதில் போட முடியாதா?”

தாராளமாகப் போடலாம், பெருக்கல் குறியை வைத்துத்தான் எழுத முடியாது. அங்கே ஒரு மாறியை எண்ணால் பெருக்கலாம், மாறிகளைக் கூட்டலாம், கழிக்கலாம், அவ்வளவுதான். மாறியை மாறியால் பெருக்க வேண்டுமென்றால் வருமானத்துக்கென்று தனியாக ஒரு மாறி உண்டாக்கி, ஆட்_மல்டிப்ளிகேஷன்_ஈக்வாலிட்டி என்ற மெதடுக்கு முதலில் அதையும், அப்புறம் விலையையும் எண்ணிக்கையையும் ஒரே லிஸ்டாகவும் கொடுங்கள். வகுத்தலுக்கும் மீதிக்கும்கூட இப்படித் தனி மெதட் உண்டு.

எரர் போய்விடும். ஆனால் மாறிகளுக்கு எவ்வளவு அகலமான எல்லை கொடுத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் சால்வர் சட்டென்று முடிப்பதும் முடியாமல் ஓடிக்கொண்டே இருப்பதும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள்: இரண்டு முழு எண்களின் பெருக்கல் 391, முதலாவது 1 முதல் 20 வரை, இரண்டாவது 1 முதல் 30 வரை. இரண்டாவது 30ஐத் தாண்டாது என்பதால் முதலாவது குறைந்தது 14 இருந்தாக வேண்டும், முதலாவது 20ஐத் தாண்டாது என்பதால் இரண்டாவது குறைந்தது 20. அது தெரிந்ததும் முதலாவதின் உச்சம் 19 ஆகிறது, இரண்டாவதின் உச்சம் 27 ஆகிறது, இப்படி ஒன்றை வைத்து இன்னொன்றை நெருக்கிக்கொண்டே போனால் கடைசியில் 17, 23 மட்டும்தான் மிஞ்சும். ஒரு மதிப்பைக்கூட ஊகித்துப் பார்க்காமலே விடை வந்துவிட்டது! அதே கணக்கில் இரண்டுக்கும் 1 முதல் 1000 என்று எல்லை கொடுத்தால் 1 முதல் 391 என்பதோடு நெருக்குதல் நின்றுவிடும், அதற்குமேல் தேடித்தான் ஆக வேண்டும்.

அதனால் “இருக்கட்டுமே” என்று பெரிய எல்லை போடவே போடாதீர்கள். சிபி-சாட்டுக்கு முழு எண் மட்டும்தான் தெரியும் என்பதால் விலையைக் காசாக மாற்றத் தோன்றும், அப்படிச் செய்தால் 1000 முதல் 5000 வரை 4001 மதிப்புகள். 50 காசையே ஓர் அலகாக வைத்தால் 20 முதல் 100, வெறும் 81 மதிப்புகள். வருமானத்தின் உச்சமும் 100 × 400 = 40,000 அலகு, அதையே எல்லையாகக் கொடுங்கள்.

இன்னொன்று, உங்கள் எண்ணிக்கை விலையைப் பொறுத்து மட்டுமே மாறுகிறதா? அப்படியென்றால் பெருக்கலே வேண்டாம். 81 விலைக்கும் வருமானத்தைப் பைத்தானிலேயே கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைத்து, பட்டியலில் எத்தனையாவது மதிப்பு வேண்டுமோ அதை எடுத்துத்தரும் ஆட்_எலிமென்ட் மெதடில் கொடுத்துவிடுங்கள், விலைக்கேற்ப வருமானம் மாறும் வளைகோடு எவ்வளவு கோணலாக இருந்தாலும் சால்வருக்கு அது ஒரு பட்டியல்தான். நான் எப்போதும் முதலில் இந்த வழி சரிப்படுமா என்றுதான் பார்ப்பேன். மாறிகள் உண்மையிலேயே தசம எண்களாக இருந்து, அலகு மாற்றியும் சரிவரவில்லை என்றால் மட்டும் எஸ்சிஐபி போன்ற சால்வருக்குப் போங்கள், அது தசம மாறிகளின் பெருக்கலையும் நேரடியாக ஏற்கும்.