சப்குவெரிக்குள் போட்ட ஆர்டர் பை வெளியே நிற்காது
கடைசி 10 பதிவுகளை சப்குவெரிக்குள் (ஒரு SQL குவெரிக்குள் எழுதும் இன்னொரு குவெரி) ஆர்டர் பை (வரிசைப்படுத்தச் சொல்லும் பகுதி) போட்டு எடுத்தும், யூசர் டேபிளோடு ஜாயின் செய்ததும் (இணைத்ததும்) வரிசை கலைகிறது என்று கேட்டிருந்தீர்கள். சப்குவெரி தருவதும் ஒரு டேபிள் மாதிரிதான், டேபிளுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது, அதனால் உள்ளே இருக்கும் ஆர்டர் பை, லிமிட்டோடு (எத்தனை வரிகள் என்ற வரம்பு) சேர்ந்து எந்த 10 வரிகள் என்பதை முடிவு செய்யுமே தவிர, காட்டும் வரிசைக்கு வெளிக் குவெரியின் ஆர்டர் பை மட்டும்தான் உத்தரவாதம். லிமிட் இல்லாவிட்டால் மரியாடிபி டேட்டாபேஸ் உள்ளே இருக்கும் ஆர்டர் பையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

சரி, உள்ளே தேதி இறங்குவரிசை, லிமிட் 10 அப்படியே இருக்கட்டும்; சப்குவெரிக்கு ஒரு பெயர் கொடுத்து, ஜாயினுக்கு அப்புறம் வெளியே, பழையது முதலில் வர வேண்டுமென்றால், ஏறுவரிசையில் இன்னொரு ஆர்டர் பை போடுங்கள். இரண்டு இடத்திலும் தேதிக்கு அடுத்து பதிவின் ஐடியையும் கட்டாயம் சேருங்கள், இல்லையென்றால் ஒரே நேரத்தில் பதிவானவை ஒவ்வொரு தடவையும் இடம் மாறலாம்.