ரேஸ் பண்ணும்போது ஸ்பீக்கரில் ஏறும் ‘ஙொய்’ சத்தம்

காரில் புது ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர்) போட்டு, அதன் கிரவுண்ட் வயரைச் சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருக்கிறேன், ‘ஙொய்’ என்று கேட்கிறது என்கிறீர்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தமும் ஏறுகிறது என்றால் அநேகமாக கிரவுண்ட், அதாவது காரின் தகட்டோடு சேரும் நெகட்டிவ் இணைப்பில்தான் கோளாறு, புது ஆம்ப்பைத் திட்டாதீர்கள். ஆடியோவை அணைத்துவிட்டு ஆம்ப்பிலிருந்து ஆர்சிஏ வயர்களை (ஹெட் யூனிட், அதாவது டேஷ்போர்டு ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் வயர்கள்) கழற்றி, அவை கழன்றபடியே இருக்க ஆடியோவை மட்டும் மறுபடி போட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஹெட் யூனிட்டின் கிரவுண்டையோ, பவர் வயரை ஒட்டியே போகும் ஆர்சிஏவையோ பாருங்கள். நிற்கவில்லையா, அநேகமாக ஆம்ப் கிரவுண்டுதான். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருக்கிறீர்களே, அந்த வயரை முதலில் எடுங்கள், அது உயிர் காக்கிற போல்ட். வேறு இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, தகடு பளபளவென்று தெரிந்த பிறகு ரிங் டெர்மினலை (வயர் நுனியில் இருக்கும் வளையத்தை) இறுக்குங்கள். வயர் அரை மீட்டருக்குள், பவர் வயரின் தடிமனிலேயே இருக்கட்டும். அப்புறம் பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்ப் கிரவுண்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பாருங்கள். 0.1 வந்தால் சரி, 0.5 காட்டினால் இன்னும் எங்கோ லூஸ்.